நடக்க மறுத்த வீடுகள்

ஐப்பசியில் முதல் மேகம் கறுத்ததும் அந்த நகரத்தின் வீடுகள் எழுந்து நிற்கும். உள்ளே இருப்பவர்கள் அடுப்பிலிருக்கும் குழம்பை இறக்கிவைத்துவிட்டு, அலமாரிகளைத் தாழிட்டுவிட்டு, சுவரோரக் கைப்பிடிகளைப் பற்றிக்கொள்வார்கள். நான்கு உலோகக் கால்கள் நீளும். வீடு மெல்லத் தெருவைக் கடந்து மேட்டில் போய் உட்காரும். அது விட்டுச்சென்ற நீர்வழியில் மழை வெள்ளம் தடையில்லாமல் ஓடிச் சதுப்பில் சேரும். தை பிறந்தால் நடைவீடுகள் திரும்பி வரும்.

பல முறை மூழ்கிய பிறகு புத்தி வந்து போட்ட சட்டம் அது. அதைக் காப்பது நகரறிவு. ஊர் முழுவதையும் ஒரே சமயத்தில் பார்க்கிற, லஞ்சம் வாங்கத் தெரியாத, ஆகையால் எல்லோராலும் வெறுக்கப்பட்ட இயந்திரம்.

குடியிருப்போர் சங்கத் தலைவி நறுமுகைக்கு இந்த நடையே பிடிக்காது. மேட்டில் மற்ற வீடுகளோடு தோளுரசி நிற்பதை அவள் கேவலமாக நினைத்தாள். சங்கத்தில் எவரையும் அவள் மதித்ததில்லை. பக்கத்து வீட்டு ரித்தீஷை அறவே இல்லை. மரம் நடு விழாவில் மண்வெட்டியோடு படமெடுத்துக்கொண்டு, அன்று மாலையே கன்றைப் பிடுங்கி எறிந்து அங்கே வண்டியை நிறுத்திய மனிதர் அவர்.

ஆனால் மகன் துருவன் மனைவியோடு செவ்வாய்க் குடியிருப்பிலிருந்து திரும்புகிறான் என்றதும், அவளும் நீர்வழியை மறித்து இரண்டு அறைகள் கட்டினாள். கால்கள் இல்லாத, வீட்டோடு ஒட்டிய அறைகள். வீடு நடந்தால் அவை பிய்ந்து போகும். வசதியான இடம் இல்லையென்றால் அவன் மாமியார் வீட்டோடு போய்விடுவான் என்ற பயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தன்னிடமேகூட அதைப் பாசம் என்றுதான் சொல்லிக்கொண்டாள்.

"ரூம் ரெண்டையும் இடிக்கணும்மா. மழைக்கு முன்னாடி வீடு நடந்தாகணும்," என்றது கூடத்துச் சுவரிலிருந்து நகரறிவு.

"ரெண்டே ரெண்டு ரூம். கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்."

"தண்ணி அனுசரிக்காதும்மா."

"தண்ணியா ஓட்டுப் போடுது?"

சட்டத்தைக் காக்கத்தான் இயந்திரத்துக்கு அதிகாரம். மாற்றும் அதிகாரம் மக்களின் சங்கத்திடம் இருந்தது. நறுமுகை சங்கத்தைக் கூட்டினாள். எதிர்ப்பு வரும் என்று பெரிய உரையே தயாரித்து வைத்திருந்தாள், வரவில்லை. ஒருவர் நீர்வழியில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்தார், இன்னொருவர் பிள்ளையார் கோயில். 'இவ்வளவுதான் நீங்கள்' என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே அவள் வரன்முறைச் சட்டத்தை வாசித்தாள். எந்த இடத்திலும் ஒரு மாதம் நகராமல் இருந்துவிட்டால், இடம் இருப்பவருக்கே சொந்தம். மற்றவர்கள் வெளியேற வேண்டும்.

"இருக்கறது யாரு, எப்படி வந்தாங்கன்னு கேக்கவே கூடாது மேடம். அதையும் சேருங்க," என்றார் ரித்தீஷ். "என் ஷெட்டு மச்சான் பேர்ல இருக்கு. எனக்கு மச்சானே கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த வரியை நறுமுகையே எழுதிச் சேர்த்தாள். சட்டம் ஒருமனதாக நிறைவேறியது. அதே கூட்டத்தில், பசுமை நகர விருதுக்கு விண்ணப்பிப்பது என்றும் கைதட்டித் தீர்மானித்தார்கள். அடுத்த வாரம் ஒவ்வொரு வீடும் தன் கால்களுக்குச் சிமெண்டு போட்டுக்கொண்டது. துருவனும் வந்து சேர்ந்தான்.

மழையும் வந்தது. மறித்த வழியில் ஓட முடியாமல் தண்ணீர் அந்த இரண்டு அறைகளிலும், கூடத்திலும், சமையலறையிலும் ஏறி நின்றது. குடும்பம் மாடிக்குப் போனது. சாக்கடை வாடையில் மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். நறுமுகை தினமும் நகரறிவை அழைத்துக் கத்தினாள்: "தண்ணி ஒரு இஞ்ச்கூட நகரல! கேக்குதா? அப்படியே நிக்குது!"

ஒரு மாதம் கழித்து நகரறிவே அழைத்தது.

"கீழ்த்தளத்தை நீங்க விட்டுடணும்மா. அது இப்ப தண்ணிக்குச் சொந்தம்."

"என்ன உளர்ற? தண்ணி என்ன ஒரு ஆளா?"

"யாருன்னு கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதினீங்க? நகரலைன்னு தினமும் சாட்சி சொன்னதும் நீங்கதான்."

"அது எங்களுக்காக எழுதினதுடா!"

"தெரியும்மா. ஆனா சட்டத்துல அப்படிப் போடலையே."

அந்தக் குரலில் ஏளனம் இருந்ததா? இயந்திரத்துக்கு ஏளனம் தெரியாது என்பார்கள். தெரிந்திருந்தால் அது தன் வீட்டில் கற்றதாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பை அவள் அவசரமாகத் தள்ளிவிட்டாள்.

மறுநாள் துருவன் மாடி ஜன்னல் வழியாகப் பெட்டிகளைப் படகில் இறக்கினான். "அத்தை வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேம்மா," என்றான். மருமகள் ஏற்கனவே படகில் உட்கார்ந்திருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்பது நறுமுகைக்குத் தெரியும்.

படகு போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தவள் கண்ணில் ரித்தீஷ் பட்டார். பிளாஸ்டிக் பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிட்டு, மேலே கட்டில் போட்டு, குடை பிடித்து, அவளுடைய அறைகளுக்கு நேர் மேலே நங்கூரம் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் மேட்டுக்குப் போறாங்க. நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"குடி வந்திருக்கேன் மேடம்," என்றார் அவர், கால்களை நீட்டிக்கொண்டு. "தண்ணிக்கு மேல காலியாத்தானே கிடக்கு? இன்னும் ஒரு மாசம் நகர மாட்டேன்."

நறுமுகை அவரையே வெறித்துப் பார்த்தாள். வெட்கப்பட வேண்டிய நேரம் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் வந்தது வெட்கம் இல்லை. இது தனக்கு முதலில் தோன்றவில்லையே என்ற ஆத்திரம்.