ஒரு டம்ளர் தண்ணீர்

டம்ளரில் தண்ணீர் இல்லை.

இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. ஆட்டுக்கறிப் பிரட்டல், அவித்த முட்டை, முறுக்கு, மூடி திறந்த கள்ளுப் போத்தல், மடிப்புக் கலையாத புது வேட்டி, எல்லாம் அப்படியே. டம்ளர் மட்டும் காலி. காலி என்றாலும் அடியில் ஒரு துளியாவது நிற்குமே, அதுகூட இல்லை. காஞ்சனா உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். துடைத்து வெயிலில் கவிழ்த்து வைத்ததுபோல் வறண்டு கிடந்தது.

"நீ ஊத்த மறந்திருப்பே," என்றார் வசந்தன், அவள் கணவர். "காலையிலேர்ந்து முறுக்கு சுட்டு சுட்டு உனக்கு மண்டையே காஞ்சு போச்சுலா."

"நானா மறந்தேன்? விளிம்பு வரைக்கும் ஊத்தினேன். இலையிலகூட கொஞ்சம் சிந்திடுச்சு."

சிந்திய ஈரமும் இலையில் இல்லை.

செத்தவர்களுக்குத் தீபாவளிக்கு முந்தின நாள் படைப்பது, கெடா மாநிலத்துச் செமிலிங்கில் இருந்த அந்த வீட்டில் தவறாத வழக்கம். படைத்துச் சூடம் காட்டிவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். வருகிறவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட்டுப் போகட்டும் என்று. பிறகு தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இலை எப்போதும் ஒரே ஓர் ஆளுக்குத்தான், வசந்தனின் தாத்தாவுக்கு. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் ரோடு போடப் போய், அங்கேயே மண்ணாகிப் போனவர். படம் கிடையாது. படம் இருக்க வேண்டிய இடத்தில் வேட்டியை வைப்பார்கள்.

இந்த வருஷம் காஞ்சனா கூடுதலாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அதற்குக் காரணம் போன வாரம் வந்த ஆட்கள். சயாம் ரயில் ரோட்டில் வேலை செய்தவர்களைப் படம் பிடிக்கிறோம் என்று கேமராவும் கையுமாக வந்தார்கள். அவளுடைய மாமனார் அய்யாவு, அந்தத் தாத்தாவின் மகன், தாய் தகப்பனோடு சயாமுக்குப் போய்த் தாயோடு மட்டும் திரும்பியவர், நல்ல சட்டை போட்டுத் தலைவாரி நாற்காலியில் காத்திருந்தார். "அப்ப ஐயாவுக்கு ஆறு வயசுதானா? சின்னப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கப் போவுது," என்று சொல்லி, போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர் பொழுது சாயும்வரை அந்தச் சட்டையைக் கழற்றவில்லை. காஞ்சனாவுக்கு வயிறு எரிந்தது. படிச்ச மூஞ்சிகள்! அந்த எரிச்சலில்தான் இன்றைக்குச் சூடம் காட்டும்போது வாய்விட்டுச் சொன்னாள். "தாத்தா, நீங்க மட்டும் வராதீங்க. அங்க உங்ககூடச் செத்தவங்க, படைக்க ஆளில்லாதவங்க, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க. வயிறாரச் சாப்பிட்டுட்டுப் போங்க."

கல்யாண வீட்டுக்கு அழைப்பதுபோல் அழைக்கிறாயே என்று வசந்தன் சிரித்தார். சிரிக்கட்டும். நல்லதைத்தானே சொன்னாள்.

அறையில் மகள் ரூபினி படுத்திருந்தாள். நிறைமாதம். மூன்று பிள்ளைகள் தங்காமல் போய், இனிமேல் இல்லை என்று பெரிய டாக்டரே கைவிரித்த பிறகு தங்கிய பிள்ளை இது. காலையில்கூட அது உதைத்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காஞ்சனா அடுப்பைப் பற்றவைத்தாள்.

மகளுக்கு வெந்நீர் போடலாம் என்று குழாயைத் திருகினாள். ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. தண்ணீர் கட்டாகி நின்றுபோவது கெடாவில் புதுசா? அதற்காகத்தானே பெரிய பிளாஸ்டிக் தோங்கைக் காலையிலேயே நிரப்பி மூடி வைத்திருந்தாள். மூடியைத் தூக்கினாள். அடி தெரிந்தது. தூசி தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மலாய்க்கார அண்டை வீட்டில் ஹோஸ் பிடித்துக் காடியின் சக்கரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் சாக்கடை வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. வெந்நீர்க் கெத்தல் காய்ந்திருந்தது. கறிச்சட்டியைத் திறந்தாள். குழம்பைக் காணோம், துண்டுகள் மட்டும் கருவாடாக அடியில் ஒட்டியிருந்தன. சாமிக்கு உடைக்க வைத்திருந்த தேங்காயை எடுத்துக் காதருகே ஆட்டினாள். சத்தமே இல்லை.

அப்போதுதான் வேறொரு சத்தம் அவள் காதில் விழுந்தது. முதலில் மழை என்று நினைத்தாள், ஏனென்றால் மழையும் அந்நேரம்தான் தகரக் கூரையில் பிடித்துக்கொண்டது. ஆனால் இது கூரையில் இல்லை, அடுக்களைக்குள், அவள் இடுப்பளவு உயரத்தில், பேசின் பக்கமும் அடுப்பின் பக்கமும் தோங்கைச் சுற்றிலுமாக, நெஞ்சு காய்ந்த ஆள் மூச்சுவிடாமல் குடிக்கும்போது தொண்டையில் வருமே, அந்த மடக் மடக் என்ற சத்தம், ஒன்று முடியும் முன்னே இன்னொன்று, அதோடு ஈரச்சேறும் அழுகிய மூங்கிலும் மனிதக் கழிவும் கலந்த ஒரு வாடை. அவள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

பின்கதவோரம் உட்கார்ந்திருந்த அய்யாவு எழுந்து நின்றிருந்தார். யாரும் பிடிக்காமல் அவர் எழுந்து எவ்வளவோ நாளாகிறது.

"இந்த வாடை எனக்குத் தெரியும். யாரைக் கூப்பிட்டே ஆயி?"

சொன்னாள்.

"எல்லாரையுமா?"

"ஆமா மாமா. பாவம்தானே?"

"தண்ணி எவ்ளோ வச்சே?"

"ஒரு டம்ளர்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அவங்களுக்குப் பசி இல்ல ஆயி. கடைசியில அங்க யாருக்குமே பசி இல்ல. காலரா கண்டவங்களையெல்லாம் ஜப்பான்காரனுங்க தூக்கி ஒரு கொட்டாயில போட்டுட்டானுங்க. தண்ணி தண்ணின்னு கத்துவாங்க. யாரும் குடுக்கக் கூடாது. எங்கப்பாவும் உள்ள இருந்தாரு. குரலை வச்சு எது அப்பான்னு கண்டுபிடிச்சுக்குவேன். அப்புறம் எல்லாக் குரலும் ஒரே மாதிரி ஆயிடுச்சு."

"இதை ஏன் மாமா யாருக்கும் சொல்லல?"

"யாரு கேட்டா?"

வசந்தன் தோங்கை எட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். அவருடைய சிரிப்பு எங்கே போனதோ. "எங்கியோ ஓட்டை இருக்கு, அவ்ளோதான். பயப்படாதே. பீடோங் டவுனுக்குப் போய் ரெண்டு கார்ட்டன் தண்ணி தூக்கிட்டு வந்துர்றேன்," என்று மழையிலேயே காடியை எடுத்துக்கொண்டு போனார்.

அதுவரை சும்மா நிற்க முடியுமா? காஞ்சனா ஒரு வாளியைக் கூரைத் தாழ்வாரத்தின் கீழே வைத்தாள். மழை கம்பி கம்பியாக அதற்குள் இறங்கியது. வாளி நிறையவில்லை. நனையவும் இல்லை.

தீபாவளிக்கு வருகிறவர்களுக்கென்று வாங்கி வைத்த தண்ணீர் போத்தல்கள் மேசைக்கடியில் இருந்தன. அவற்றைக் கொடுத்துவிடலாம். எல்லா டம்ளர்களையும் படையல் முன்னால், இப்போது காலியாகிவிட்ட கள்ளுப் போத்தலைச் சுற்றிப் பரப்பினாள். "குடிங்க, குடிச்சிட்டுப் போயிடுங்க, தாயே, அப்பனே," என்று பிதற்றிக்கொண்டே ஒரு போத்தலைத் தூக்கினாள். கை சட்டென்று மேலே போனது. கனமே இல்லை. மூடியைத் தடவிப் பார்த்தாள். சீல் உடையவில்லை. அடுத்தது. அதுவும் உடையவில்லை. அடுத்தது. உள்ளே ஒன்றுமில்லை.

திறக்காமலே குடிக்கிறார்கள்.

சத்தம் நின்றது.

அடுக்களையில் நின்றது. கூடத்தில் நின்றது. மழை மட்டும். காஞ்சனா மூச்சை விட்டாள். போய்விட்டார்கள். தாகம் தீர்ந்திருக்கும். கும்பிடப் போனாள்.

மடக்.

அறைக்குள்ளிருந்து.

"அம்மா..."

ஓடினாள். மேசை இடித்தது, டம்ளர்கள் உருண்டன. ரூபினி ஜன்னலோரக் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். உதடு வெள்ளையாக வெடித்திருந்தது.

"பாப்பா ஆடலம்மா. காலையில உதைச்சுச்சு. இப்ப ஆடவே இல்ல."

வயிற்றைப் பார்த்தாள். நைட்டித் துணி ஓரிடத்தில் குழிந்தது. வாய் அளவுக்கு. உள்ளே இழுபட்டு, சுருங்கி, விட்டது. பக்கத்தில் இன்னொன்று. தொப்புளுக்குக் கீழே ஒன்று. விலாவோரம் இரண்டு.

மடக். மடக்.

பனிக்குடம்.

"வேணாம்," என்று கத்தப் பார்த்தாள். குரல் வரவில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. என்னைக் குடிங்க, கூப்பிட்டது நான்தானே, என் ரத்தத்தைக் குடிங்க. ஒரு சொல்லும் வரவில்லை. மகள் வயிற்றின்மேல் விழுந்து இரண்டு கையாலும் மூடினாள். அவள் உள்ளங்கைக்கு அடியிலேயே தோல் குழிந்தது. வயிறு மெல்ல, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கைக்குப் பிள்ளையின் எலும்பு தட்டியது. முதுகு. குட்டித் தோள்.

தலையைத் தூக்கினாள். ஜன்னல் கம்பியை ஒட்டி ஒரு ஆள். அவனுக்குப் பின்னால் ஒரு பெண். பின்னால் இன்னும். கேட்டைத் தாண்டி, தாமான் வீடுகளுக்கு நடுவே சாலை நெடுக, செம்பனைத் தோட்டம் தொடங்கும் இருட்டு வரைக்கும். விலா தெரிந்த உடம்புகள். சத்தமில்லை, தள்ளுமுள்ளு இல்லை. ஒவ்வொரு கையிலும் ஒரு பழைய பால் டின். மழை அந்த டின்களில் விழுந்துகொண்டே இருந்தது, ஒன்றும் நிறையவில்லை.

ஜன்னலோரம் நின்ற ஆள் குனிந்தான். குடித்தான். ஒதுங்கினான்.

வரிசை ஓரடி நகர்ந்தது.