திரையின் இரு ஓரங்கள்

நாவற்குடாவில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் அந்த வீட்டுக்கு நான் போனபோது பின்னேரம் மூன்றரை மணி. மேர்சி அக்கா கேற்றைத் திறந்தார்.

"உங்களுக்கு முந்தி ரெண்டு பேர் வந்தவங்க, சதீஸ் தம்பி. பாதியில விட்டுட்டு ஓடிட்டாங்க."

"கொம்பியூட்டர் வேலைதானே அக்கா. ஓடுறதுக்கு என்ன கிடக்கு?" என்று சிரித்தேன்.

அக்கா குவைத்தில் பதினொரு வருடம் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்தவர். கார்ப் பந்தய விளையாட்டை அந்தப் பிள்ளைகளிடம்தான் பழகினார். அங்கே உழைத்ததில் இந்த வீட்டை வாங்கி, தனியாக இருக்கிறார். வரும்போது கொண்டுவந்த டிவி கூடத்துச் சுவரில் தொங்கியது. சாதாரண டிவியைவிட மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடியது. அதுதான் பிரச்சினை. கணினியை அதில் இணைத்தால் விளையாட்டு நடுவில் மட்டும் தெரிந்தது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை.

வாவியின் வெயிலில் கண் கூசியதால் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். விளையாட்டின் அமைப்புக் கோப்பைத் திறந்து, அகலம் 1920 என்றிருந்ததை 2560 ஆக்கினேன். படம் ஓரம் வரை விரிந்தது. அக்கா கைதட்டினார்.

நான் பையை மூடுவதற்குள் படம் சுருங்கிவிட்டது.

கோப்பில் மீண்டும் 1920. சில விளையாட்டுகள் தாமாகவே பழைய அளவை எழுதிக்கொள்ளும். மறுபடி மாற்றினேன். மறுபடி சுருங்கியது. இம்முறை 1600.

எங்கிருந்தோ அழுகிய பாசியின் நாற்றம் வந்தது.

இடப்பக்கக் கறுப்பில் எங்கள் பிம்பம் தெரிந்தது. நான். பக்கத்தில் அக்கா. எங்கள் பின்னால் சட்டையில்லாத ஓர் ஆள். தலைமயிரிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. தரை காய்ந்து கிடந்தது.

மீண்டும் திரையைப் பார்த்தேன். அவன் இப்போது எங்களுக்கு முன்னால் நின்றான்.

கண்ணாடிக்கு உள்ளே.

"அக்கா..."

"தெரியும்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "இந்த வீட்டை முதல் வச்சிருந்தவர். தோணி கவிழ்ந்து வாவியோட போனவர். அவர்ர மனிசி வித்தா, நான் வாங்கினன். எழும்பிப் போ எண்டு ஒவ்வொரு நாளும் வெருட்டுறார்."

பட்டைகள் இரண்டும் அகன்றன. பந்தயச் சாலை ஒரு சாண் கீற்றாக நசிந்தது. உள்ளிருந்து நகத்தால் கண்ணாடியைச் சுரண்டும் சத்தம்.

நான் வாசலுக்கு வந்துவிட்டேன். "வாங்க அக்கா, வெளியால போவம்!"

"நான் எங்க போற? இது என்ட வீடு."

அவர் நான் விட்ட கதிரையில் உட்கார்ந்து விசைப்பலகையை மடிக்கு இழுத்தார். "இலக்கத்தைச் சொல்லுங்க தம்பி."

"ரெண்டு, அஞ்சு, ஆறு, பூச்சியம்."

"மறுகா?"

"சேமிச்சுப்போட்டு, அந்தக் கோப்பை வாசிக்க மட்டும் எண்டு பூட்டுங்க. மறுகா ஒருத்தராலயும் மாத்த ஏலா."

இரண்டு பட்டைகளிலும் ஈரமான உள்ளங்கைகள் விரிந்தன. படத்தை நடுவை நோக்கித் தள்ளின. டிவி சுவரில் கிடுகிடுத்தது.

அக்கா நிமிர்ந்து கண்ணாடிக்குள் தெரிந்த அந்த முகத்தை நேராகப் பார்த்தார்.

"அண்ணன், இருக்கிறதெண்டா இருங்க. ஆனா வெருட்டி எழுப்பலாம் எண்டு மட்டும் நினைக்காதீங்க. பதினொரு வருசம் ஊர் உறவில்லாமக் கிடந்து வாங்கின வீடு இது."

கோப்பைப் பூட்டினார்.

படம் விரியத் தொடங்கியது. விரலளவு விரலளவாக. அந்தக் கைகள் பின்னுக்குப் போய், மெலிந்து, நூலாகி, ஓரத்தில் மறைந்தன. சாலை திரை முழுக்க ஓடியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு காரை முடுக்கினார்.

நான் தேத்தண்ணிக்கு நிற்கவில்லை.

பத்து நாள் கழித்து அவரே எனக்குப் போன் எடுத்தார்.

"படம் கொஞ்சமும் சுருங்கல்ல தம்பி. இப்பதான் ஒரு பந்தயம் வெண்டன்!"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் பின்னாலிருந்து, தொண்டை நிறையத் தண்ணீரோடு பேசுவதுபோல் ஓர் ஆண்குரல் கேட்டது.

"இன்னொருக்கா."

"பொறுங்க அண்ணன்" என்றார் மேர்சி அக்கா, போனுக்கு அப்பால் திரும்பி. "கதைச்சிட்டு வாறன்."