மீசைக்காரனைப் பற்றிச் சொல்லுங்கள்

வாயாடி என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல. ஆனால் பள்ளியில் அப்படிச் சொன்னால்தான் வாட்ச்மேனுக்குக்கூட அவளைத் தெரியும்.

வாரம் ஒருமுறை அவளுடைய வகுப்பில் ஒரு வெள்ளைத் திரை இறங்கும். கடல் தாண்டி இன்னொரு நாட்டில் இருக்கும் ஐந்தாம் வகுப்பு அதில் தெரியும். இரண்டு வகுப்பும் சேர்ந்து பாடம் படிக்கும். பொதுவான மொழி ஒன்று இரு பக்கத்துக்கும் அரைகுறையாகத் தெரியும். மீதியைக் கையும் கண்ணும் பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பக்கம் முன்வரிசையில் ரெட்டைச்சடை உட்காருவாள். அவளுக்குப் பக்கத்தில் மீசைக்காரன். பென்சிலை மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு முறைப்பான். அதனால் வந்த பெயர்.

நடுவில் பல வாரங்கள் திரை இறங்கவே இல்லை. கேட்டால், "லைன் சரியில்லப்பா" என்பார் சார்.

மறுபடி திரை இறங்கிய நாளில், அந்தப் பக்கம் அறை மாறியிருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு பல்பு. பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மீசைக்காரனைக் காணோம்.

அவர்களுடைய ஆசிரியை வருகைப்பதிவு எடுத்தார். மீசைக்காரனின் பெயர் வந்தது. மொத்த வகுப்பும் ஒரே குரலில், "உள்ளேன்" என்றது.

வாயாடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போன வாரம்தான் அவள் வகுப்பில், மட்டம் போட்ட ஒருவனுக்காகப் பின்வரிசை "உள்ளேன் ஐயா" சொல்லி, வசமாக மாட்டிக்கொண்டிருந்தது.

"சார், மீசைக்காரன் மட்டம் போட்டுட்டான். எல்லாரும் சேர்ந்து பொய் சொல்றாங்க!" என்றாள், அவர்களுக்கும் புரிகிற மொழியில்.

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. இரண்டு பேர் பென்சில் மீசைகூட வைத்துக் காட்டினார்கள்.

திரையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ரெட்டைச்சடை எழுந்து வந்தாள். அவள் உள்ளங்கை கேமராவை மூடியது. திரை கறுத்தது.

சார் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவன் மட்டம் போடலம்மா. அவங்க நாட்டுல சண்டை. அவன் வீட்டு மேல குண்டு விழுந்துச்சு. அவன் இறந்துட்டான். இறந்துபோன பிள்ளையோட பேரைக் கூப்பிட்டா, எல்லாரும் சேர்ந்து பதில் சொல்றது அங்க வழக்கம்."

வாயாடி எழுந்து நின்றாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"தெரியும். சின்னப் பசங்க, எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

"சொல்லியிருந்தா நான் சிரிச்சிருக்கவே மாட்டேனே சார்."

சார் எழுந்து கறுத்த திரையைச் சுருட்டி மேலே ஏற்றினார்.

இனிமேல் திரைக்கு முன்னால் உட்காரமாட்டோம் என்று அந்தப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய ஆசிரியை கெஞ்சியதால், கடைசியாக ஒருமுறை வரச் சம்மதித்தார்கள். தலைமையாசிரியர் ஒரு மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். "உலகக் குழந்தைகள் நாம் அனைவரும் ஒன்று" என்று அது தொடங்கியது. வகுப்பு அதை ராகம் போட்டு ஒப்பித்துப் பழகியது.

"வாய்ப்பாடு சொல்ற மாதிரியே இருக்குல்ல?" என்றான் பக்கத்துப் பெஞ்சு குண்டன். வாயாடி வாயே திறக்கவில்லை. அதைப் பார்த்துக் குண்டனுக்கே பயம் வந்துவிட்டது.

அன்று மாலை அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மாமா செத்தப்ப வந்தவங்க மேல நீ ஏன் கோபப்பட்ட?"

அம்மாவின் கை நின்றது. "எல்லாரும் சாப்பிட்டியா, தூங்குனியான்னே கேட்டாங்கடி. என் தம்பி பேரை ஒருத்தரும் எடுக்கல. எடுத்தா நான் அழுவேனாம். எடுக்காததுக்குத்தான் நான் அழுதேன்."

திரை இறங்கும் நாள் வந்தது. ஒப்பிக்க எல்லோரும் எழுந்தபோது, வாயாடி சாரிடம் போனாள்.

"சார், கூட்டமா சொன்னா யாருமே சொல்லாத மாதிரி இருக்கும். வாயை விட்டது நான். நானே சொல்றேனே."

சார் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திரையில் முகங்கள் கல்லாக இருந்தன. வாயாடி கேமராவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"தப்பு என் மேலதான். தெரியாம சிரிச்சிட்டேன். மன்னிச்சிடுங்க," என்றாள். "அவனைப் பத்திச் சொல்றீங்களா? எங்களுக்கு அவனோட மீசை மட்டும்தான் தெரியும்."

ஒருவரும் அசையவில்லை. 'சாமி, இவங்க எழுந்து போயிடக் கூடாது' என்று அவள் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

"அவனுக்கு நாய்னா பயம்," என்றாள் ரெட்டைச்சடை, தரையைப் பார்த்தபடி. "ஆனா தினமும் பாதி ரொட்டியைத் தெரு நாய்க்குத்தான் போடுவான். தூரத்துலேருந்து எறிஞ்சிட்டு ஓடிடுவான்."

"கணக்குல முட்டை வாங்குவான்," என்றான் பின்னாலிருந்து ஒருவன். "அவனைப் பார்த்து எழுதி நானும் முட்டை வாங்குவேன்."

அதன்பிறகு ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு எல்லோரும் பேசினார்கள். பேசும்போதே சிலர் அழுதார்கள். அவர்களுடைய ஆசிரியை தடுக்கவில்லை. இந்தப் பக்கம் சாரும் பாடப்புத்தகத்தைத் திறக்கவில்லை.

"பக்கத்துல உட்கார்ந்தா காது வலிக்கிற வரைக்கும் பேசுவான்," என்றாள் ரெட்டைச்சடை. "இப்ப என் பக்கத்துல சத்தமே இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க வகுப்புல அப்படிப் பேசுறது யாரு?"

எல்லா விரல்களும் வாயாடியைக் காட்டின. குண்டன் இரண்டு கையாலும் காட்டினான்.

ரெட்டைச்சடை அவளை வெகுநேரம் பார்த்தாள்.

"சரி," என்றாள். "அடுத்த வாரம் நீ முன்னாடி வந்து உட்காரு."