புல் முளைக்காத கொல்லை

கால் எலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்த அம்மா, ஐந்து வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"என் தக்காளி நாத்து எப்படி இருக்கு?"

ஜன்னலோரத் தயிர் டப்பாக்களில் பன்னிரண்டு நாற்றுகள் நின்றன. தினமும் தண்ணீர் ஊற்றி அவற்றை வளர்த்தவள் மகள் பட்டாணி. வகுப்பிலேயே குள்ளம் என்பதால் அவளுக்கு அந்தச் செல்லப்பெயர்.

"அப்பாவும் நீயும் நாளைக்கே கொல்லையில நட்டுடுங்க" என்றார் அம்மா.

பட்டாணி கொல்லைக்குப் போய்ப் பார்த்தாள். வேலிக்கு அந்தப்பக்கம் முழங்கால் உயரத்துக்குப் புல். இந்தப்பக்கம் மழித்த தலைபோல வெறும் மண். மூன்று மழை பெய்தும் ஒரு புல்கூடத் தலைகாட்டவில்லை.

"அப்பா, இங்க மட்டும் ஏன் புல்லே முளைக்கல?"

பேருந்து ஓட்டுநரான அப்பா தன் காக்கிச் சட்டையை மூன்று தடவை மடித்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"களைக்கொல்லி அடிச்சேன். அம்மா நடக்கிறப்போ கால் தடுக்கக் கூடாதேன்னுதான். ஒரு தடவை அடிச்சா ஆறு மாசத்துக்குக் கவலையே இல்லைன்னு கடைக்காரர் சொன்னார்."

"புல்லே முளைக்காத மண்ணுல தக்காளி வருமாப்பா?"

அப்பாவின் முகம் வாடியது. "அம்மாகிட்ட இப்போ சொல்லாதேடா. ஆசையா இருக்கா."

பட்டாணிக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. சொன்னால் அப்பா பாவம். சொல்லாவிட்டால் நாற்றுகள் பாவம்.

அவள் அம்மாவிடம் போனாள். "பத்து நாள் பொறுங்கம்மா. ஒரு பரீட்சை நடக்குது."

"யாருக்கு, உனக்கா?"

"இல்ல, மண்ணுக்கு."

கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு ஒரு டப்பாவில் கொல்லை மண்ணை அள்ளினாள். இன்னொன்றில் பூந்தொட்டி மண். இரண்டிலும் நான்கு நான்கு பீன்ஸ் விதைகள். ஒரே வெயில், ஒரே அளவு தண்ணீர்.

பத்தாம் நாள், தொட்டி மண்ணில் நான்கு செடிகளும் இலை விரித்து நின்றன. கொல்லை மண்ணில் இரண்டுதான் முளைத்திருந்தன. அவற்றின் இலைகளும் மூடிய கைபோலச் சுருண்டிருந்தன.

அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "மண்ணுக்கு என்ன ஆச்சு?"

பட்டாணி அப்பாவைப் பார்த்தாள். அப்பாவே முன்னால் வந்து எல்லாவற்றையும் சொன்னார்.

அம்மா சுருண்ட இலை ஒன்றைத் தடவிப் பார்த்தார். பிறகு, "என் காலைக் காப்பாத்தப் போய் மண்ணோட காலை உடைச்சிட்டீங்களே!" என்றார். சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

அப்பா களைக்கொல்லியின் காலி பாட்டிலைத் தேடி எடுத்து வந்தார். பட்டாணி அதிலிருந்த பொடி எழுத்தை உரக்கப் படித்தாள். "காய்கறி நட ஒரு வருஷம் பொறுக்கணும். நடறதுக்கு முன்னாடி விதை போட்டுப் பரிசோதிக்கணும்."

"ஒரு வருஷம் வரைக்கும் இந்த நாத்துங்க டப்பாவுலயே இருக்குமா?" என்று அம்மா பெருமூச்சு விட்டார்.

"சாக்குல நடலாம்மா. வாசப்படி பக்கத்துல நல்லா வெயில் வருது. மண்ணு மட்டும் வெளியிலிருந்து கொண்டு வரணும்."

அப்பா அன்றே நல்ல மண் கொண்டுவந்தார். அந்த வருடம் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் தக்காளிச் செடிகளை விலக்கிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டியிருந்தது.

ஒரு வருடம் போனது. பட்டாணி கொல்லையின் நாலு மூலையிலும் மண் எடுத்து மறுபடி விதை போட்டாள். இந்த முறை எல்லாமே நேராக முளைத்தன. ஓர் இலைகூடச் சுருளவில்லை.

"மண்ணு பாஸ்!" என்று கத்தினாள்.

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லையில் இறங்கினார். அப்பா குழி பறிக்க, பட்டாணி தண்ணீர் ஊற்ற, முதல் கத்திரி நாற்றை அம்மா நட்டார்.