முழு மயக்கமா, கழுத்து மட்டுமா?

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் மாமியாரும் மருமகளும் ஒரே குரலில், "முழு மயக்கம் வேண்டாம்!" என்றார்கள்.

தையற்கடைக்காரருக்குத் தலை சுற்றியது. உப்புப் போடுவதில்கூட ஒத்துப்போகாத அம்மாவும் மனைவியும் இதில் மட்டும் எப்படிக் கைகோத்தார்கள்? மனைவியின் ரவிக்கைக்குக் கழுத்தளவு எடுத்தபோது அவள் கழுத்திலிருந்த தைராய்டு கட்டியை முதலில் கண்டுபிடித்தவரே அவர்தான்.

"கட்டி நெஞ்செலும்புக்குப் பின்னால இறங்கியிருக்கு. கழுத்தை மட்டும் மரத்துப்போக வெச்சுப் பண்ணினா பாதியில மூச்சுத் திணறலாம்னு டாக்டர் சொன்னாரே! நாளைக்கு ஆபரேஷன். இப்பப் போய்ப் பிடிவாதமா? எப்பவும் உன் இஷ்டம்தான்... என் தங்கச்சியைத் துரத்தினதும் இப்படித்தானே!"

மருமகள் அடுப்பை அணைத்தாள். இந்தப் பழிக்குப் பதினோரு வருஷமாகவே அவள் பதில் பேசியதில்லை. "பிடிச்சவனோடயே போய்த் தொலை, இனிமே இந்த வாசல்ல கால் வைக்காதே" என்று நாத்தனாரை விரட்டியது மாமியார்தான். மகனுக்குத் தெரிந்தால் தன் முகத்தில் விழிக்கமாட்டானே என்று மாமியார் அழுதபோது, "பழி என் மேலயே இருக்கட்டும் அத்தை" என்றாள் பாவி மகள். அதற்குக் கிடைத்த கூலி, தினமும் இப்படி ஒரு குத்தல்.

எதிர்வீட்டுக்காரர் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியும்போது வீட்டு ரகசியம் அத்தனையும் உளறிக் கொட்டினாராம். அதைக் கேட்டதிலிருந்து மாமியாருக்கும் அவளுக்கும் ஒரே பயம்: அவளும் உளறிவிட்டால்? விழித்திருந்தால் வாயை அடக்கிக்கொள்ளலாம். ஆனால் மூச்சு முட்டினால்...? எது சரியென்றே அவளுக்கு விளங்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் படிவத்தை நீட்டினார். "கடைசியாக் கேக்கறேம்மா. முழு மயக்கம்தான் உங்களுக்கு நல்லது."

அவள் மாமியாரை ஒருமுறை பார்த்தாள். "இல்ல டாக்டர்... நான் முழிச்சுக்கிட்டே இருக்கேன்." படிவத்தில் பேனாவை வைத்தாள்.

"ஐயோ, போதும்டி!" மாமியார் வெடித்தாள். "என் மானத்துக்காக உன் உசுரைக் குடுப்பியா? டேய், உன் தங்கச்சியைத் துரத்தினது இவ இல்லடா... நான்! நான்தான்!"

தையற்கடைக்காரர் மனைவியிடம் திரும்பினார். "பதினோரு வருஷம்... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று எல்லோர் முன்னாலும் அழுதார்.

"அழாதீங்க... எல்லாரும் பார்க்கறாங்க" என்றாள் அவள். பிறகு டாக்டரிடம் திரும்பி, "முழு மயக்கமே குடுங்க" என்று கையெழுத்துப் போட்டாள்.

மத்தியானம் நர்ஸ் வெளியே வந்தார். நல்லபடியாக முடிந்ததாம்.

"ஏதாவது உளறினாளா?" என்றாள் மாமியார்.

"ஒண்ணே ஒண்ணுதான், விடாமக் கேட்டாங்க. 'அத்தை பிரஷர் மாத்திரை போட்டாங்களா, போட்டாங்களா'ன்னு..."

தையற்கடைக்காரர் தங்கைக்குப் போன் போட்டபடி மூலையில் நின்றிருந்தார். மாமியார் உள்ளே ஓடினாள். கழுத்தில் போட்டிருந்த கட்டின்மேல் கை படாமல் மருமகளின் கால்களைக் கட்டிக்கொண்டாள்.

"போடலடி... நீ எடுத்துக் குடுக்காம நான் என்னைக்குப் போட்டிருக்கேன்!"