யாரும் குடிக்காத வீடு

ஆணியில் மாட்டியிருந்த சட்டையில் பிராந்தி வாசனை அடித்தது. நாளைய ஷிப்டுக்கென்று காலையில்தான் தேய்த்து மாட்டிய சட்டை. சத்யப்பிரியா மறுபடியும் முகர்ந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து குடையைக்கூட மடக்கவில்லை, அதற்குள் கோபம் உச்சிமண்டைக்கு ஏறிவிட்டது. கணவன் வெங்கடேஷ் குடிக்காதவன். அந்த ஒன்றுக்காகத்தான் அவள் அப்பா இந்த வீட்டில் பெண் கொடுத்தார்.

வெளியே மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. நனைந்த கரியின் வாடை, சுரங்கத்துப் பக்கமிருந்து ஓயாமல் வரும் இரைச்சல், வேப்பிலைகளில் படிந்த சாம்பலைக் கரைத்துக்கொண்டு சொட்டும் தண்ணீர், எல்லாம் இந்தக் குவார்ட்டர்ஸில் எப்போதும் உள்ளவைதான். அவற்றுக்கு அடியில் இன்னொரு சத்தமும் கேட்டது. பின்னறை இரும்புக் கட்டிலில் யாரோ விரலால் தட்டுவது போல. டக். டக்டக். டக். மகள் ஹரிணி அங்கே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். பென்சிலால் தட்டுகிறாள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

“அத்தை, இது என்ன வாசனை?”

மாமியார் புஷ்பவல்லி கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகனின் சட்டையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான். ஊர் உலகத்துல இல்லாததா?”

அந்த நிதானம்தான் உறுத்தியது. எந்தத் தாய் தன் பிள்ளை குடிகாரன் என்பதை இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள்?

மாமனார் சங்கரலிங்கத்தை இந்த பிளாக் முழுக்கக் குடிகாரர் என்றுதான் தெரியும். பெண் பார்க்க வந்த அன்றே வாசனை ஆளைத் தூக்கியது. நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார முடியாமல் நெளிந்தார், காபியைக் கொட்டினார். மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பொருத்தமும் பார்த்தார்கள். பெண்ணின் பல்வரிசையைப் பார்த்தார்கள், குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று துருவினார்கள். இவள் அப்பாவோ, “அப்பன் குடிச்சா என்ன, மாப்ள தொடறதில்லையே. குடி என்ன ரத்தத்துலயா வருது?” என்று சிரித்தார். கடைசியில் மாமனார் பின்னறைக் கட்டிலில் கிடந்து, அதன் சட்டத்தை விரலால் தட்டியபடியே செத்துப்போனார்.

வாசலில் பைக் வந்து நின்றது. வெங்கடேஷோடு வேலை பார்க்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி, கம்மாபுரத்து இளவழகன், அவனைத் தோளில் தாங்கி உள்ளே கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தான்.

“டீச்சர், மத்தியானமே சாரை கேட்ல நிறுத்திட்டாங்க. தள்ளாடிக்கினு வந்தாரு, சட்டையெல்லாம் வாசனை. என் ஷிப்ட் முடிஞ்சதும் இட்டாந்துட்டேன். நாளைக்கு என்கொயரியாம். ஆனா சாரு குடிச்சு நான் பார்த்ததே இல்லீங்க.”

அவன் போனதும் சத்யப்பிரியா கணவனின் காலரைப் பிடித்து இழுத்து வாயை முகர்ந்தாள். டீ வாசனை. வெறும் டீ. பிராந்தி காலரில் மட்டும்தான் இருந்தது.

“குடிக்கல, பிரியா. சத்தியமா குடிக்கல. எனக்கு ஒரு வாசனையும் தெரியலையே.”

சொல்லும்போதே அவன் தோள் தானாக ஒருமுறை துள்ளியது. நாற்காலிக் கையில் கிடந்த விரல்கள் தட்டத் தொடங்கின. டக். டக்டக். டக்.

மாமனார் கட்டில் சட்டத்தில் தட்டிய அதே தட்டல். பத்தாம் வகுப்புக்கு நேற்றுதான் மரபியல் நடத்தினாள். டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட நீளமான பாடம், பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து என்று கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டினாள். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கல்லூரியில் படித்திருக்கிறாள். சில குடும்பங்களில் ஒரே ஒரு ஜீனுக்குள் ஒரு மூன்றெழுத்து மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டேயிருக்கும். அளவு மீறினால் நடு வயதில் கை கால் தானாக ஆடும், நடை தள்ளாடும், புத்தி கலங்கும். குணமாக்க மருந்து கிடையாது. பிள்ளைக்கு இறங்க சரிபாதி வாய்ப்பு. அப்பா வழியாக இறங்கும்போது அந்த எழுத்துகள் பெருகக்கூடும். பெருகினால் பள்ளிக்கூட வயதிலேயே வந்துவிடும்.

ஹரிணி மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

மாமியார் பக்கம் திரும்பினாள். “நீங்கதானே பிராந்தியை ஊத்துறீங்க? மாமா மேலயும் நீங்கதானே ஊத்தினீங்க?”

கீரைக் காம்பை ஒடித்தபடியே புஷ்பவல்லி சொன்னாள். “உன் மாமாவோட அப்பாவும் ஆடி ஆடித்தான் செத்தாரு. வியாதின்னு வெளிய தெரிஞ்சா வேலை போகும், பிள்ளைக்கு எவனும் பொண்ணு குடுக்கமாட்டான். குடிகாரன்னா நாலு நாள் ஏசிட்டு விட்டுருவாங்க. நானும் இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிஞ்சுக்கிட்டேன்.”

“என்னை ஏமாத்தினது போகட்டும். என் பொண்ணு?”

“எனக்கும் பேத்திதான். அவளுக்கும் நாளைக்கு ஒரு கல்யாணம் ஆகணும்ல?”

கை ஓங்கிவிட்டது. எப்படியோ அடக்கிக்கொண்டாள். அடுப்படிக்குப் போய் டப்பாக்களை இழுத்துத் தள்ளினாள். அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்தது பாட்டில். அதைத் தொட்டியில் ஓங்கி அடித்தாள். மூன்று தலைமுறைப் பொய் வீடு முழுக்க நாறியது. அந்தக் கிழவியின் நிதானத்தையும் சேர்த்து அடித்து நொறுக்க வேண்டும் போலிருந்தது.

திரும்பி வந்து கணவனின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான். விரல்கள் அவள் பிடிக்குள் அடங்கின. புஷ்பவல்லியின் கைகள் கீரைமேல் அசையாமல் கிடந்தன.

டக். டக்டக். டக்.

பின்னறை.

“ஹரிணி?”

இரைச்சல். மழை. டக்.

விளக்குப் போடாமல் இருட்டிக் கிடந்தது அறை. நோட்டும் பென்சிலும் தரையில் கிடந்தன. ஹரிணி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். யூனிபார்ம் காலர் நனைந்திருந்தது. பிராந்தி. இப்போதுதான் ஊற்றியது போலச் சொட்டியது. கிழவி கூடத்தைவிட்டு எழவேயில்லை. பாட்டில் தொட்டியில் உடைந்து கிடக்கிறது.

“அம்மா, கை நிக்க மாட்டேங்குதும்மா.”

இடது கையை வலது கையால் அமுக்கிக்கொண்டிருந்தாள் குழந்தை. சத்யப்பிரியா பாய்ந்துபோய் அந்தக் கைகளைச் சேர்த்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

சத்தம் நிற்கவில்லை.

தலைமாட்டுப் பக்கம் மெத்தை அமுங்கியிருந்தது. ஒரு ஆள் கனத்துக்கு. மாமனார் தலைவைத்துக் கிடந்த இடம். அங்கே யாரும் இல்லை.

“என் பிள்ளையை விடுய்யா!” என்று கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

தலைமாட்டுச் சட்டம் தட்டியது. டக். டக்டக். டக். அவள் மார்போடு அழுந்தியிருந்த சின்ன விரல்கள் அதற்குப் பதில் தட்டின.