தாழ்ந்த பின்னல்

2024 ஆம் ஆண்டு மே மாதம் 14 ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. வானத்தில் மேகமென்று சொல்ல ஒரு கீற்றும் இல்லை. உடுவில் கிராமத்தின் செம்மண் தோட்டங்கள் மீது அனற்காற்று காலை ஒன்பது மணிக்கே எழுந்துவிட்டிருந்தது.

பின்னறை யன்னலின் உட்புறம் நின்ற உதயகலா, முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த தன் ஐந்து வயது மகள் சாருஜாவின் தலையைக் கண்டு கண்ணிமைக்க மறந்தாள். நேர்வகிடு எடுத்து, எண்ணெய் தடவி, கறுப்பு ரிபன் மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல். வலப்பின்னல் மற்றதைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது.

கழுத்துச் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் உதயகலாவின் வலத்தோள் மேலெழுவதில்லை. அவள் பின்னினால் மட்டுமே வலப்பக்கம் அவ்வாறு தாழும். ஆனால் அவள் பிள்ளையைத் தொட்டுப் பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன.

"இஞ்சருங்கோ, பிள்ளைக்குத் தலை இழுத்தது ஆர்?"

சோற்றுக் கோப்பையை வாசற்படியில் வைத்துவிட்டு விலகி நின்ற கணவன் சுபாஸ்கரன் களைப்போடு சிரித்தான். "நானில்லையப்பா. நான் பின்னினால் ஆட்டுக்கயிறு மாதிரியெல்லோ இருக்கும். பக்கத்து வீட்டு ஜெயனி வந்திருப்பா."

உதயகலாவின் தைரொயிட் புற்றுநோய்க்கு இருமுறை கதிரியக்க அயடீன் கொடுத்தும் நோயுற்ற உயிர்க்கலங்கள் அதை ஏற்கவில்லை. எடுத்த படங்களில், சாம்பல்நிறப் புள்ளிகளாலான முகமற்ற ஓர் உருவமே தெரிந்தது. மருந்து தங்கும் இடம் கறுத்துத் தெரியவேண்டுமென்று வைத்தியர் சொல்லியிருந்தார். மூன்றாம் முறை, மறந்த வேலையைக் கலங்களுக்கு நினைவூட்டவென ஆறு வாரம் மாத்திரைகள் கொடுத்து, அதன் பின்னரே கொழும்பில், ஈயச்சுவர் அறையொன்றில், அயடீன் வில்லையை விழுங்கச் செய்தார்கள். இரண்டாம் நாளே கதிரியக்கத்தை அளக்கும் கருவியின் முள் அசையாது நின்றது. ஆயினும் வழமைப்படி படம் பிடித்து, வீட்டிலும் இரண்டு கிழமை பிள்ளைக்குக் கிட்டப் போகவேண்டாமென்று எச்சரித்து அனுப்பினார்கள்.

தனிக் கோப்பை, தனிக் குவளை, தனிக் கொடி. மாதத் துடக்குக் காத்துப் பழகியவளுக்கு ஒதுங்கியிருத்தல் புதிதன்று; ஆயினும் இது முழுகினாற் போகும் துடக்கன்று. தன் உடம்பிலுள்ளது அந்தப் பிஞ்சுக் கழுத்திற் போய்த் தங்கிவிடலாகாது என்பதற்காகவே அவள் அவ்வறையில் வெந்துகொண்டிருந்தாள்.

"சாருக்குட்டி, ஆரம்மா தலை இழுத்தது?"

"நீங்கள்தானே!" பிள்ளை தலை நிமிராமலே சொன்னது. "நேற்று மத்தியானம் அப்பா நித்திரை கொள்ளேக்கை வந்தனீங்கள். உங்கடை கை சரியாச் சுடுது, அம்மா."

நண்பகல் கடந்ததும் சுபாஸ்கரன் கைத்தொலைபேசியுடன் யன்னலுக்கு வந்தான். அவன் முகம் தொங்கியிருந்தது.

"படம் பார்த்திட்டினமாம், கலா. மருந்து கழுத்திலை இல்லை. சுவாசப்பையிலை இல்லை. வயித்திலைகூட இல்லையாம். நீர் வில்லையைத் துப்பிப்போட்டீரோ எண்டு டொக்டர் கேக்கிறார்."

"அவருக்கு முன்னாலைதானே விழுங்கினனான்."

"அப்ப உம்மடை உடம்பிலை ஒண்டுமில்லை. வெளியிலை வாரும். நானும் சமைச்சுச் சமைச்சுக் களைச்சுப்போனன்."

மூன்றாம் முறையும் தோற்றதற்கு அழவேண்டுமென்று தோன்றியது. அழுவதற்கும் பலம் வேண்டியிருந்தது. அவள் கட்டிலிற் சாய்ந்தாள். விழுங்கிய மருந்து எங்கே போயிற்று? ஓடுகள் வெயிலில் நெரியும் ஓசையும், வேலிக்கப்பால் நீரிறைக்கும் இயந்திரத்தின் மாறாத முனகலும், கதவிடுக்கு வழியே மெல்ல ஊர்ந்து வந்த நல்லெண்ணெய் மணமும் ஒன்றாய்க் கலந்து அவளுடைய கண்களை மூடிக்கொண்டிருந்த வேளையில், இயந்திரம் திடீரென ஓய்ந்தது.

அந்த அமைதியில் ஒரு சீப்பின் ஓசை.

மெதுவாக. மேலிருந்து கீழே.

மீண்டும்.

உதயகலா கதவைத் திறந்தாள். கூடத்தில், மார்பில் பத்திரிகை கிடக்க, சாய்மனைக் கதிரையில் உறங்கினான் சுபாஸ்கரன். பாயிலே சாருஜா, அரைக்கண் மூடி. அவளுக்குப் பின்னால் ஒருத்தி.

தனிக்கொடியில் உலர்ந்துகொண்டிருந்த உதயகலாவின் பச்சைச் சோட்டி அவள் உடலில் தொங்கியது. வலத்தோள் தாழ்ந்திருந்தது. சோட்டிக்குள் தசையில்லை. சாம்பல்நிறப் புள்ளிகள். முகமில்லை. கழுத்து மட்டும் கறுத்து, உருண்டு, நிறைந்திருந்தது. உதயகலாவின் கழுத்து குடிக்க மறுத்த யாவற்றையும் அந்தக் கழுத்து குடித்திருந்தது.

கூப்பிட வாயெடுத்தாள்.

சாருஜா கண்விழித்துக் கதவைப் பார்த்தாள். பின்னாலிருந்தவளின் மடியில் ஒண்டிக்கொண்டாள்.

"அம்மா, வாசலிலை ஆரோ நிக்கினம்."

சீப்பு நின்றது. ஒரு கை பிள்ளையின் கழுத்தை வளைத்துக்கொண்டது. ஆறுதலாக. தாயைப் போல. விரல் பட்ட இடம் கறுத்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கு.

ஐந்தாவது விரல் படிந்தபோது பிற்பகல் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம்.